ஈயக்குண்டுக்குப் பவுடர் பூச்சு: உருகியது வேறு, வெந்தது வேறு

தூண்டிலுக்கான ஈயக்குண்டையும், முள்ளோடு சேர்த்து வார்க்கும் ஈயத் தலையான ஜிக் தலையையும் வீட்டிலேயே வார்த்துக்கொள்பவர்கள், வார்த்த ஈயத்தை அப்படியே தூண்டில் நரம்பில் கட்டிக் கடலில் எறிவதே வழக்கமாக இருந்து வருகிறது. அந்தக் குண்டை நாள் முழுதும் கையாண்ட பிறகு விரல் நுனிகளில் படிந்திருக்கும் சாம்பல் நிறக் கறை வெறும் அழுக்கல்ல, அது ஈயம். அதே விரலால் இரையைத் தொடுகிறோம், பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுகிறோம், வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்குகிறோம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதும், உட்கொண்ட ஈயத்தைச் சிறு குழந்தைகளின் உடல் பெரியவர்களைப் போல நான்கு ஐந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும் என்பதும் உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் செய்திகள். குண்டின் மேல் முறையாக ஏற்றிச் சுட்ட பவுடர் பூச்சு, அதாவது சூட்டில் உருகி இறுகும் நிறப்பொடி, இந்தக் கறையைக் கையில் ஒட்டாமல் தடுக்கிறது. கூடவே உப்புநீரில் ஈயம் வெளுத்துப் பூப்பதைக் குறைக்கிறது, ஜிக் தலைக்கு நிலையான நிறத்தையும் தருகிறது. முறை தவறிய பூச்சோ நான்கு முறை பாறையில் பட்டதும் புளியம்பழ ஓடு போலக் கழன்று விழும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அடுப்பில்தான் இருக்கிறது என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. ஈயம் வார்க்கும் வேலையும் பூச்சு வேலையும் சமையலறையில் நடக்கக் கூடாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் புழங்கும் இடத்திலும் கூடாது. காற்றோட்டமுள்ள கொட்டகையோ மொட்டை மாடியோ போதும். பூச்சைச் சுடுவதற்கென்று ஒரு சிறிய மின் அடுப்பை, பழைய ஓடிஜியாக இருந்தாலும் சரி, தனியாக ஒதுக்கிவிட வேண்டும். ஒரு முறை ஈயம் வைத்த அடுப்பில் பிறகு எந்தக் காலத்திலும் உணவு வைக்கக் கூடாது. வடிகட்டி, கரண்டி, தட்டு அனைத்துக்கும் இதே விதி. செனகல் நாட்டில் டக்கார் நகரத்தை ஒட்டிய தியாராய் சுர் மெர் என்ற கடலோரப் பகுதியில், பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் எடுத்த வேலையால் மண்ணும் வீடுகளும் ஈயத் தூசியால் நிறைந்து, 2007ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2008ஆம் ஆண்டின் தொடக்கம் வரையான சில மாதங்களில் 18 குழந்தைகள் இறந்தார்கள். அங்கு நடந்தது ஒரு தூண்டில்காரர் செய்யும் வேலையைவிடப் பன்மடங்கு பெரியது என்றாலும், குழந்தைகளை எட்டியது தூசியின் வழியாகத்தான் என்பதை மறக்கக் கூடாது. ஆகவே பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கும் எண்ணமே வேண்டாம். துடைப்பத்தால் பெருக்குவதை விடுத்து ஈரத் துணியால் துடைத்தெடுப்பதும், வேலை முடிந்தவுடன் சோப்பிட்டுக் கை கழுவுவதும், அணிந்த உடையைத் தனியாகத் துவைப்பதும் பழக்கமாக வேண்டும்.

எந்த ஈயத்தில் வார்த்தது என்பது சுடும்போது முக்கியமாகிறது. தூய ஈயம் 327.5 பாகை செல்சியஸில் உருகும். பவுடர் பூச்சு 180 முதல் 200 பாகையில் வேகும். இடைவெளி தாராளமாக இருக்கிறது. ஆண்டிமனி கலந்த கடின ஈயம் 252 பாகையிலேயே இளகத் தொடங்கும். அதற்கும் ஓரளவு இடம் உண்டு. ஆனால் வானொலி, தொலைக்காட்சி பழுதுபார்க்கும் கடைகளில் கிடைக்கும் பற்றுவைக்கும் ஈயம் அப்படிப்பட்டதல்ல. அதில் வெள்ளீயம் மிகுதி என்பதால் 183 பாகையிலேயே இளகிவிடும். அதைக் கலந்து வார்த்த குண்டு அடுப்பிலேயே வியர்த்து உருக்குலையும். பற்றுவைத்து ஒட்டிய வளையங்களுக்கும் இதே கதிதான். வளையம் வேண்டுமானால் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை வளைத்து, வார்க்கும்போதே அச்சில் வைத்துவிடுவது நல்லது.

வார்த்த குண்டின் மேற்பரப்புச் சுத்தம் அடுத்தது. அச்சில் ஈயம் நன்றாக நிரம்புவதற்காக மெழுகுவர்த்திப் புகையைப் படியவிடுவோரும், முகப்பவுடர் தூவுவோரும் உண்டு. வார்ப்புக்கு அது உதவும். பூச்சுக்கு அதுவே எதிரி. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கரிப்படலம் குண்டில் ஒட்டிக்கொண்டு வந்து, பூச்சுக்கும் ஈயத்துக்கும் நடுவே நின்றுவிடும். வார்த்ததும் ஓரப் பிசிறுகளைக் கத்தியால் சீவிவிட்டு, அசிட்டோனில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்து, துணியில் கருமை ஏறுவது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். அரம் போட்டுத் தேய்த்தால் ஈயத் தூள் பறக்கும் என்பதால் சீவுவதே மேல். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் நீர் உப்புத்தாளை நனைத்துத் தேய்க்கலாம். துடைத்த பின் வெறுங்கையால் தொடக் கூடாது. கையின் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு விரல்ரேகை அளவு இருந்தாலும் பூச்சு அந்த இடத்தில்தான் முதலில் உரியும். வார்த்த அன்றோ மறுநாளோ, ஈயம் இன்னும் பளிச்சென்று இருக்கும்போதே பூசிவிடுவது என் வழக்கம். பல மாதம் கிடந்து மங்கி வெளுத்த குண்டுகளில் பூச்சு அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை.

பெரிய குண்டுகளில் இன்னொரு தொல்லை உண்டு. வார்ப்பின் உள்ளே நுண்ணிய துளைகளில் அடைபட்ட காற்றும் ஈரமும் சுடும்போது வெளியேறப் பார்த்து, பூச்சில் அம்மைக் கொப்புளம் போல எழுப்பிவிடும். பூசுவதற்கு முன் வெறும் குண்டுகளை 200 பாகையில் கால் மணி நேரம் அடுப்பில் வைத்து எடுத்தால் அந்தக் காற்று முன்னதாகவே போய்விடும். இதற்கு மேலாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

இனிப் பவுடர். பீரோவுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் பவுடர் கோட்டிங் செய்யும் பட்டறைகள் இப்போது சிறிய ஊர்களிலும் இருக்கின்றன. மீந்துபோன நிறங்களைக் கொஞ்சமாகக் கேட்டு வாங்கலாம். எப்பாக்ஸி வகை ஈயத்தை நன்றாகப் பற்றும், ஆனால் வெயிலில் மங்கிப் பொடிந்து வெளுக்கும். பாலியெஸ்டர் வகை வெயிலைத் தாங்கும். கரையில் நாள் முழுதும் காயும் குண்டுக்கு அதுவே ஏற்றது. வாங்கும்போது அந்தப் பவுடரை எத்தனை பாகையில் எத்தனை நிமிடம் வேகவைக்க வேண்டும் என்பதைக் கட்டாயம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஒரே நிறத்தில் இரண்டு பொதிகள் இருந்தாலும் அவற்றின் வேகும் கணக்கு வேறாக இருக்கலாம். சில பாலியெஸ்டர் பவுடர்களில் டிஜிஐசி என்ற இறுக்கும் பொருள் சேர்ந்திருக்கும்; அது உடலுக்குக் கேடானது. எந்தப் பவுடராக இருந்தாலும் துகள்கள் முடியின் தடிமனைவிட நுண்ணியவை, மூச்சில் நேராக உள்ளே போகும். நல்ல முகக்கவசம் இல்லாமல் டப்பாவைத் திறக்கவே கூடாது. பவுடரை 30 பாகைக்குக் கீழே, காற்றுப்புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் கொட்டகைத் தகரத்துக்கு அடியில் வைத்த பவுடர் கட்டி தட்டிவிடும். ஐப்பசி அடைமழையில் ஈரம் கோத்துவிடும்.

ஜிக் தலை போன்ற சிறியவற்றுக்கு, சூடாக்கிய ஈயத்தைப் பவுடரில் தோய்த்தெடுப்பதே எளிய முறை. பவுடர் டப்பாவில் அழுந்திக் கிடந்தால் தோய்த்த இடமெல்லாம் திட்டுத்திட்டாக ஒட்டும். அதனால் பவுடருக்குள் கீழிருந்து மெல்லிய காற்றைச் செலுத்தி அதை மிதக்கவைக்க வேண்டும். இந்த உத்தியை 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் என்பவர் உருவாக்கினார். தொழிற்சாலைப் பவுடர் பூச்சின் தொடக்கமே இதுதான். நமக்கு வேண்டியது நாலங்குல அகலமுள்ள பிவிசி குழாய்த் துண்டு, அதன் அடியில் இறுக்கமாகக் கட்டிய காபி வடிகட்டித் தாள், தாளுக்குக் கீழே மூடிய அறை, அந்த அறைக்குள் காற்றைத் தள்ளும் மீன்தொட்டிப் பம்பு ஆகியவைதான். பம்பைத் திறந்ததும் பவுடர் உப்பி எழுந்து, பொங்குவதற்குச் சற்று முன் பாலின் மேற்பரப்பு அசைவது போல அசையத் தொடங்கும். உலர்ந்த குச்சியை விட்டால் தண்ணீரில் இறங்குவது போலத் தடையில்லாமல் இறங்க வேண்டும். பவுடர் புகையாக மேலே எழுந்தால் காற்று அதிகம். நடுவில் மட்டும் எரிமலை போலக் குமிழியிட்டால் தாள் தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

சூடாக்குவதற்கு வெப்பக்காற்றுத் துப்பாக்கி வசதியானது. அதையோ தீச்சுவாலையையோ பவுடர்ச் சாடிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. காற்றில் பறக்கும் பவுடர் தீப்பற்றக்கூடியது. முள்ளின் வளைவைக் குறட்டால் பிடித்து, தலையை மட்டும் எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்ட வேண்டும். ஈயம் கையில் கனத்தாலும் வெப்பத்தைத் தேக்கிவைக்கும் திறன் அதற்குக் குறைவு. ஒரே பருமனுள்ள இரும்புத் துண்டு வைத்திருக்கும் வெப்பத்தில் பாதியைக்கூட அது வைத்திருக்காது. ஐந்து கிராம் தலை சில நொடிகளிலேயே ஆறிவிடும். ஆகவே சூடாக்கும் இடத்துக்கும் சாடிக்கும் ஓரெட்டுத் தொலைவுக்கு மேல் இருக்கக் கூடாது, தயங்கி நிற்கவும் கூடாது. உள்ளே விட்டு, ஒரு முறை அசைத்து, ஒரு நொடி இரண்டு நொடிக்குள் வெளியே எடுத்து, குறட்டின் மேல் விரலால் சுண்டி மிகையான பவுடரை உதிர்த்துவிட வேண்டும்.

வெளியே எடுத்த தலையைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தால் சூடு சரியா என்பதை அதுவே சொல்லிவிடும். ரவையைத் தூவினது போலச் சொரசொரப்பாக நின்று அப்படியே இருந்தால் சூடு போதவில்லை. முதலில் ரவை போலத் தெரிந்து, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களிலிருந்து நெய் இளகுவது போல இளகி ஒன்று சேர்ந்தால் சரியான சூடு. எடுக்கும்போதே பளபளவென்று வழிந்து, அடியில் சொட்டாகத் திரண்டு, புகையும் வந்தால் மிகுதி. நரம்பு கட்டும் துளைக்குள் பவுடர் புகுந்து இறுகி அடைத்துவிடாதபடி, இளகிய நிலையிலேயே ஓர் ஊசியை விட்டு எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். வெந்த பிறகு அதைத் துளைப்பது கடினம்.

நரம்பு ஊடே ஓடும்படி நடுவே துளையுள்ள, வளையமில்லாத ஓடுகுண்டுகள் நூறு இருநூறு செய்ய வேண்டுமானால் ஒவ்வொன்றாகத் தோய்ப்பது கட்டாது. அடியில் 5 என்று எண்ணிட்ட பாலிப்ரோப்பிலின் டப்பாவில் சூடாக்காத குண்டுகளையும் ஒரு கரண்டிப் பவுடரையும் சிறு நெகிழிக் குண்டுமணிகள் ஒரு பிடியையும் போட்டு, ஒரு நிமிடம் வட்டமாகச் சுழற்றிக் குலுக்கினால், உராய்வில் எழும் மின்னேற்றத்தால் பவுடர் ஈயத்தில் ஒட்டிக்கொள்ளும். இது நடக்கக் காற்று உலர்ந்திருக்க வேண்டும். கடலோர ஊர்களில் காற்றிலுள்ள ஈரம் அந்த மின்னேற்றத்தைத் தின்றுவிடுவதால், மழை நாளில் இதை முயன்று ஏமாறுவதைவிட மற்றொரு நாளுக்குத் தள்ளிவைக்கலாம். பிற்பகல் வெயிலில் நல்ல பலன் கிடைக்கும். ஒட்டிய குண்டுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றோடொன்று தொடாமல் ஒட்டாத் தாள் விரித்த தட்டில் நிறுத்தி வைக்க வேண்டும்.

இப்போது அடுப்பு. நான் முதன்முதலாகப் பூசிய முப்பது குண்டுகளை, பூச்சு கண்ணாடி போலப் பளபளத்ததும் வெந்துவிட்டது என்று எண்ணி ஏழெட்டு நிமிடத்தில் வெளியே எடுத்துவிட்டேன். பார்வைக்குக் கடையில் வாங்கியவை போலவே இருந்தன. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு என்ற கல்தடுப்பின் கற்களுக்கிடையே இரண்டு மாலை வீசியதும் பாதிக் குண்டுகளில் ஈயம் வெளியே தெரிந்தது. பூச்சு நகத்தால் கீறினாலே ஏடு ஏடாக வந்தது. பவுடர் உருகுவது ஒரு வேலை, அது வேகுவது வேறு வேலை என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். உருகும்போது துகள்கள் இளகி ஒன்றாகிப் பளபளப்பைத் தருகின்றன, அவ்வளவுதான். அதற்குப் பின்தான் பிசினின் நீண்ட மூலக்கூறுகளை இறுக்கும் பொருள் குறுக்கே பிணைக்கத் தொடங்குகிறது. வலை முடிவதோடு இதை ஒப்பிடலாம்: நூலை நீளவாக்கில் விரித்துவைத்தால் அது வலையாகிவிடாது, ஒவ்வொரு கண்ணிலும் முடிச்சு விழுந்தால்தான் மீன் நிற்கும். அந்த முடிச்சு விழுவதற்குத்தான் 180 பாகையில் இருபது நிமிடம், அல்லது 200 பாகையில் பத்து நிமிடம் என்று பவுடருக்குப் பவுடர் கணக்குச் சொல்கிறார்கள்.

அந்தக் கணக்கில் சொல்லப்படும் பாகை ஈயத்தின் சூடு, அடுப்பின் சூடு அல்ல. நிமிடமும் ஈயம் அந்தச் சூட்டை எட்டிய பிறகே எண்ணப்பட வேண்டும். சிறிய ஜிக் தலை விரைவில் அடுப்பின் சூட்டுக்கு வந்துவிடும். 150 கிராம் கூம்புக் குண்டு வர நெடுநேரம் பிடிக்கும். இதை ஊகிக்கத் தேவையில்லை. வீணான ஒரு குண்டில் சிறு துளையிட்டு, மல்டிமீட்டரோடு வரும் கே வகை வெப்பமானிக் கம்பியை அதற்குள் செருகி, மற்ற குண்டுகளோடு அடுப்பில் தொங்கவிட்டால், உள்ளே நடப்பது வெளியே எண்ணாகத் தெரியும். என் அடுப்பின் திருகை 200இல் வைத்தால் முதல் சுற்றில் உள்சூடு 225ஐத் தாண்டிப் பிறகு 185 வரை இறங்கி மறுபடி ஏறுகிறது என்பதை இந்தக் கம்பியால்தான் அறிந்தேன். இரண்டு செங்கல் துண்டுகளை உள்ளே வைத்து அரை மணி நேரம் முன்கூட்டியே சூடாக்கியதில் அந்த ஏற்ற இறக்கம் வெகுவாகக் குறைந்தது. சூட்டுக் கம்பிகளுக்கு நேர் எதிரே குண்டு நிற்காதபடி நடுவில் ஒரு தகடு வைப்பதும் உதவும். இல்லையேல் ஒரு பக்கம் வெந்து மஞ்சளித்து, மறுபக்கம் வேகாமல் நிற்கும்.

வளையமோ முள்ளோ உள்ள குண்டுகளை அதைக்கொண்டு கம்பியில் மாட்டித் தொங்கவிட வேண்டும். ஒன்றையொன்று உரசினால் உருகும்போது ஒட்டிக்கொள்ளும். நேரம் முடிந்ததும் கதவைத் திறந்து, அங்கேயே ஆறவிடுவது போதும். வெள்ளையும் இளநிறங்களும் மிகையாக வெந்தால் மஞ்சளிக்கும். ஆனாலும் குறைவாக வேகுவதைவிடச் சற்றுக் கூடுதலாக வேகுவது குண்டுக்கு நல்லது. மிளிரும் பச்சை, ஆரஞ்சு போன்ற நிறங்கள் ஈயத்தின் சாம்பல் நிறம் அடியிலிருந்து தெரிவதால் மங்கிப்போகும். அவற்றுக்கு முதலில் வெள்ளையை மெல்லியதாக ஏற்றி, அது உருகிப் படியும் அளவுக்கு மட்டும் அடுப்பில் காட்டி எடுத்து, மறுபடி தலையைச் சூடாக்கி மேல்நிறத்தில் தோய்த்து, இரண்டையும் சேர்த்து முழுமையாகச் சுட வேண்டும். முதல் பூச்சை முழுதாகச் சுட்டுவிட்டால் இரண்டாவது அதன் மேல் சரியாகப் பற்றாது.

வெந்ததா என்று கண்டறிய ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு குண்டைப் பலி கொடுப்பதற்குத் தயங்கக் கூடாது. முழுதாக ஆறிய பின், அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியை அழுத்தி முன்னும் பின்னுமாக இருபத்தைந்து முறை தேய்க்கவும். துணியில் நிறம் இலேசாகப் படிந்தால் பரவாயில்லை. பூச்சே பிசுபிசுத்து, நகம் பதியும்படி இளகினால் அது வேகவில்லை. அடுத்து அதே குண்டைப் பட்டடைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டையாகும்வரை அடிக்கவும். ஈயம் எவ்வளவு நசுங்கி விரிந்தாலும் பூச்சும் அதனோடு விரிந்து ஒட்டியே இருக்க வேண்டும். செதிலாகத் தெறித்தால், அசிட்டோன் சோதனையில் தேறியிருந்தாலும், மேற்பரப்புச் சுத்தத்தில் குறை இருக்கிறது. இந்த இரண்டு சோதனைகளும் இரண்டு வேறு தவறுகளைக் காட்டுகின்றன என்பதால் ஒன்றைச் செய்து மற்றதை விட்டுவிடக் கூடாது. வேகாத ஈட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை; மறுபடி அடுப்பில் ஏற்றி மீதி நேரத்தைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒட்டாத ஈட்டைத்தான் காப்பாற்ற முடியாது. அதை உருக்குவதற்கு முன் பூச்சைக் கத்தியால் உரித்துவிட வேண்டும், ஏனென்றால் உருக்கும் சட்டியில் பூச்சு எரிந்து எழும் புகை நெஞ்சைப் பிடிக்கும்.

பூசிய குண்டும் ஈயக்குண்டுதான். நரம்பு அறுந்து ஏரியடியில் விழுந்ததை, அரைவைப்பையில் கல் சேர்க்கும் வாத்தும் அன்னமும் கூழாங்கல் என்று விழுங்கினால், அந்தப் பையின் அரைப்பில் பூச்சு தேய்ந்து ஈயம் வெளிவரும். அன்னங்கள் செத்துக்கொண்டிருந்ததால் பிரிட்டன் 1987இல் 28.35 கிராம் வரையான தூண்டில் ஈயங்களைத் தடைசெய்தது. நீர்ப்பறவைகள் மேயும் ஏரி, குளங்களில் சிறு எடைகளுக்கு இரும்பையே பயன்படுத்துகிறேன். ஈயத்தைக் கடலுக்கென்று பெரிய அளவுகளில் மட்டும் வார்க்கிறேன். கடலில் வீசித் திரும்பிய குண்டுகளையும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறேன். கூர்முனையிலும் வளையத்தின் அடியிலும்தான் பூச்சு முதலில் தேயும். அங்கே சாம்பல் நிறம் தெரியத் தொடங்கிய குண்டைத் தனி டப்பாவில் போட்டுவைத்து, அடுத்த ஈடு சுடும் நாளில் மீதிப் பூச்சையும் உரித்து, அசிட்டோனால் துடைத்து, மறுபடி முதலிலிருந்து பூசிக்கொள்கிறேன்.